பழைய கருவிக்குப் புதிய பிடி

(தொழிற்பயிற்சி மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இரும்பு நெடுநாள் வாழும்; மரம் அதற்கு முன்னரே முதுமை எய்தும். கைக்கருவிகள் பயனற்றுப் போவதற்கான காரணத்தை ஆராயப் புகுவோர் முதலில் காண்பது இந்த எளிய உண்மையையே. கோடரியின் இலை தேய்வதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகும். அதன் காம்போ ஒரே மழைக் காலத்தில் உளுத்துப் போகலாம். தவறி விழுந்த ஒரே வீச்சில் முறிந்தும் போகலாம். காம்பு முறிந்தவுடன் கருவி முழுவதுமே செத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அது வீட்டின் கொல்லைப்புறத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது.

எந்த நகரத்தின் பழைய இரும்புக் கடைக்குச் சென்றாலும் இக்காட்சியைக் காணலாம். பிடியற்ற சுத்தியல் தலைகள், காம்பிழந்த கோடரிகள், மொட்டையாகக் கிடக்கும் உளிகள், அரிவாள்கள், அரங்கள் ஆகியவை துருவேறிக் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல, நல்ல எஃகினால் ஆனவை. கைதேர்ந்த கொல்லர்கள் உலையில் காய்ச்சி அடித்து, பதமறிந்து நீரில் தோய்த்தவை. அவை உருக்காலைக்குச் சென்றால் எஃகு மீளும். ஆனால் கொல்லரின் உழைப்பும் பதமும் மீள்வதில்லை. ஒரு முழ மரமும் ஒரு மாலைப் பொழுதும் கிடைத்திருந்தால் அக்கருவிகள் இன்னும் பல்லாண்டுகள் உழைத்திருக்கும்.

பழைய கருவிக்குப் புதிய பிடி போடுதல் என்பது அண்மைக் காலத்தில் பலர் விரும்பி மேற்கொள்ளும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இதற்குப் பெருமுதல் வேண்டுவதில்லை. பெரிய பட்டறையும் வேண்டுவதில்லை. ஆயினும் இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தகாது. மர அறிவு, எஃகு அறிவு, பாதுகாப்பு, சிக்கனம், கைவினைஞரிடம் மதிப்பு ஆகிய ஐந்தும் இச்சிறு பணியில் ஒருங்கே கிடைக்கின்றன.

பிடி ஏன் தளர்கிறது?

பிடி தளர்வதற்கு முதற் காரணம் ஈரம். மரம் உயிரற்ற பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாக இருக்கும். மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் இச்சுருக்கம் மிகச் சிறிது, குறுக்குவாக்கில் மிகுதி. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகும். பச்சை மரத்தைச் செதுக்கிச் சுத்தியலில் இறுக்கினால், சில திங்கள்களில் அது உலர்ந்து மெலிந்துவிடும். இரும்புத் துளையோ அதே அளவில் நிற்கும். இதனால் தலை ஆடத் தொடங்குகிறது.

வட இந்தியச் சமவெளியில் மே மாதத்து வறண்ட காற்றும் ஆகஸ்டு மாதத்து ஈரக் காற்றும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மழைக் காலத்தில் இறுகியிருந்த மண்வெட்டி கோடையில் கழன்று விழுவது இதனாலேயே. இத்தருணத்தில் பெரும்பாலோர் செய்யும் ஒரு காரியம் உண்டு. கருவியைத் தலைகீழாக நீர்த்தொட்டியில் ஊற வைக்கின்றனர். மரம் பருத்துத் தலை இறுகிவிடுகிறது. அன்றைய வேலையும் முடிகிறது. ஆனால் இரும்பு வளையத்திற்குள் அடைபட்ட மரம் வெளிப்புறமாக விரிய இடமின்றித் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. மீண்டும் உலரும்போது முன்பிருந்த அளவைக் காட்டிலும் மெலிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை ஊற வைக்கும்போதும் பிடியின் தளர்ச்சி மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை. நீர் தற்காலிக நிவாரணம். உலர்ந்த மரமும் சரியான ஆப்புமே நிலையான தீர்வு.

இரண்டாவது காரணம் மரத்தின் இழை. நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து ஓடும் பிடி, வில்லைப் போல் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கும். நார்கள் இடையிலேயே சரிந்து பக்கவாட்டில் வெளியேறும் பிடி, அச்சரிவின் வழியே பிளந்துவிடும். ரம்பத்தால் அறுத்த பலகைத் துண்டைவிடக் கோடரியால் பிளந்த துண்டு பிடிக்குச் சிறந்தது என்று பழைய தச்சர்கள் கருதியதன் காரணம் இதுவே. ரம்பம் தன் வழியே செல்லும். பிளவு நாரின் வழியே செல்லும்.

மரம் தேர்தல்

தமிழில் குலத்தைக் கெடுப்பவனைக் ‘கோடரிக் காம்பு’ என்று பழிக்கும் வழக்கு உண்டு. மரத்தை வெட்டும் கருவிக்கு மரமே துணை போயிற்று என்பது அதன் கருத்து. பழியை ஒதுக்கிவிட்டு நோக்கினால், எல்லா மரமும் காம்பாகிவிட இயலாது என்பதும், அத்தகுதி பெற்ற மரங்கள் சிலவே என்பதும் விளங்கும். பிடிக்கு ஏற்ற மரம் வலிமை உடையதாக இருந்தால் மட்டும் போதாது. அதிர்ச்சியைத் தாங்கும் நெகிழ்ச்சி, நேரான இழை, உள்ளங்கையில் சிலாம்பு ஏற்றாத வழவழப்பு ஆகியவையும் அமைந்திருத்தல் வேண்டும்.

டேராடூனில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. தேக்கு மரத்தின் பண்புகளை 100 எனக் கொண்டு, பிற இந்திய மரங்களின் வலிமை, விறைப்பு, அதிர்ச்சி தாங்கும் ஆற்றல் முதலியவற்றை அந்நிலையம் ஒப்பிட்டு அளந்தது. மரவேலைகளின் அரசன் எனப் போற்றப்படும் தேக்கு, அதிர்ச்சி தாங்கும் ஆற்றலில் பல எளிய மரங்களுக்குப் பின்னால் நிற்கிறது என்பதை இவ்வாராய்ச்சிகள் புலப்படுத்தின. பிடி போடுவதற்கு விலை மிக்க மரம் வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் நற்செய்தி.

நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கேற்ற பிடி மரம் உண்டு. வடக்கே பாபுல், கீகர் என்று வழங்கும் கருவேலம், பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை உழவர்களின் பிடி மரமாக விளங்குகிறது. வண்டி அச்சுக்குப் பயன்பட்டதால் ஆங்கிலத்தில் அச்சு மரம் என்றே பெயர் பெற்ற வெக்காலி, நடு இந்தியக் காடுகளிலும் தக்காணத்திலும் கிடைக்கிறது. சடச்சி எனப்படும் தாமன் மரம், வளைந்து நிமிரும் தன்மைக்குப் பெயர் பெற்றது. சமவெளியில் சீசமும், மேற்கு இமயப் பகுதியில் காஹு எனப்படும் காட்டு ஒலிவமும் நல்ல பிடிகளைத் தருகின்றன. புளிய மரத்தின் வைரம், உளிப் பிடிக்கும் கொட்டாப்புளிக்கும் உகந்தது. வடகிழக்கு மலைப் பகுதிகளில் ‘தாவ்’ என்னும் வெட்டுக் கத்தியின் பிடியைப் பிரம்பினால் வரிந்து கட்டுவது நெடுநாளைய மரபாகும்.

பல மாநிலங்களில் களையாகப் பரவி வெறுப்புக்கு உள்ளான சீமைக் கருவேலத்தையும் இங்கே கருதலாம். அதன் மரம் கடினமானது. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது. கோணலாக வளர்வதால் கோடரிக்கும் மண்வெட்டிக்கும் வேண்டிய நீளம் அதில் எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் அரிவாள், உளி, அரம் முதலியவற்றின் குறும்பிடிகளுக்கு அது போதுமானது. அடுப்பெரிக்கவும் கரி சுடவும் மட்டுமே பயன்படும் ஒரு மரத்திற்கு இவ்வாறு மற்றொரு பயனும் அமைகிறது.

எம்மரமாயினும், வெளிப்புற வெளிற்றைவிட உட்புற வைரமே பூச்சிக்கும் உளுப்புக்கும் ஈடுகொடுக்கும். வெட்டிய கட்டையை உடனே பிளந்து, வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய வண்ணமோ பூசி, நிழலில் அடுக்கி உலர வைத்தல் வேண்டும். முனைகள் விரைந்து உலர்ந்து வெடிப்பதை அப்பூச்சு தடுக்கும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. வறண்ட பகுதிகளில் அதனினும் விரைவில் உலரும். 12 விழுக்காட்டு ஈரத்தில் நிற்கும் மரத்தை நன்கு உலர்ந்ததாகக் கொள்வது பொது வழக்கு. மூங்கிலாயின் முதலில் சில வாரங்கள் நீரில் ஊற வைத்துப் பின்னர் உலர்த்துவர். அதிலுள்ள மாவுப்பொருள் கரைந்துபோவதால் துளைப் பூச்சியின் தொல்லை குறைகிறது.

மூவகைப் பொருத்தங்கள்

இரும்பும் மரமும் சேரும் முறையைக் கொண்டு கைக்கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தலையில் துளையுள்ள கருவிகள். சுத்தியல், கோடரி, மண்வெட்டி, குந்தாலி, வாய்ச்சி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிலும் இரு பிரிவுகள் உண்டு. குந்தாலியின் துளை ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் ஒடுங்கியும் இருக்கும். பிடியின் ஒரு முனையும் அதற்கேற்பப் பருத்திருக்கும். பிடியின் மெலிந்த முனையில் தலையைக் கோத்து மேலே தள்ளினால் அது பருத்த முனையில் சென்று இறுகி நிற்கும். வீசுந்தோறும் தலை வெளிநோக்கி ஓட முயல்வதால், வேலை செய்யச் செய்ய இறுக்கம் கூடும். இதற்கு ஆப்பு வேண்டுவதில்லை. சுத்தியலிலும் பல கோடரிகளிலும் பிடி கீழிருந்து நுழைகிறது. மேல்முனையில் அடிக்கும் ஆப்பு மரத்தை விரித்துத் தலையைக் கழலாமல் காக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றுக்குரிய பிடியை மற்றொன்றில் திணிப்பதே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது.

இரண்டாவது, வால் உள்ள கருவிகள். அரிவாள், அரம், கத்தி, பலவகை உளிகள் ஆகியவற்றில் இரும்பின் கூரிய வால் பிடிக்குள் செல்கிறது. பிடி பிளவாதிருக்க வாயில் பித்தளையாலோ இரும்பாலோ ஆன பூண் இடப்படும். பழைய நீர்க்குழாயின் ஒரு துண்டும் நல்ல பூணாகும். வாலைப் பொருத்துவதற்கு அரக்கும் குங்கிலியமும் கலந்த பிசினைப் பயன்படுத்தும் முறையும் உண்டு.

மூன்றாவது, குழல் உள்ள கருவிகள். ஈட்டி, சிலவகை மண்வாரிகள், கனத்த உளிகள் ஆகியவற்றில் இரும்பே குழலாக அமைந்து மரத்தை உள்வாங்கிக்கொள்ளும். குழலின் உட்சரிவுக்கு ஏற்ப மரத்தைக் கூம்பாகச் செதுக்குவதே இங்குள்ள திறமை.

பணி நடக்கும் முறை

முதற்பணி, முறிந்த பழைய கட்டையை அகற்றுவது. இதில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. கோடரியை அப்படியே நெருப்பில் இட்டுக் கட்டையை எரித்துவிடுவது ஊர்ப்புறங்களில் எளிய வழியாகக் கருதப்படுகிறது. எஃகின் பதம் சில நூறு பாகை வெப்பத்திலேயே இறங்கிவிடும். இலை நீல நிறம் பெறும்போது வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டியிருக்கும். அதன் பின்னர் அக்கோடரியின் வாய் எவ்வளவு தீட்டினாலும் விரைவில் மழுங்கும். எரிப்பதற்கு மாறாக, கட்டையில் சில துளைகள் இட்டு, இரும்புக் கம்பியால் தட்டி வெளியேற்றுவதே முறை.

பின்னர்த் துருவை நீக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி நீங்கும். எஞ்சியதற்குப் புளிக்கரைசல் போதும். கழுவிய பின் ஈரம் நீங்கத் துடைத்து எண்ணெய் பூசுதல் வேண்டும். சுத்தியலின் முகத்திலும் உளியின் தலையிலும் இரும்பு மலர்ந்து விளிம்பு கட்டியிருந்தால் அதை அரைத்து நீக்குதல் இன்றியமையாதது. அவ்விளிம்பிலிருந்து தெறிக்கும் சிறு துண்டு கண்ணைப் பறித்துவிடக் கூடும். தலையில் வெடிப்புக் கண்ட கருவியை எக்காரணம் கொண்டும் மீண்டும் பணிக்குக் கொண்டுவரலாகாது. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதை அறிவதும் இக்கலையின் ஒரு பகுதியே.

மரத்தைச் செதுக்குவதில் பொறுமை வேண்டும். வாய்ச்சியால் பருவெட்டாகச் செதுக்கி, மர அரத்தால் உருவாக்கி, உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டி, இறுதியில் உப்புத்தாளால் தேய்ப்பர். துளைக்குள் செல்லும் பகுதியைச் சிறிது சிறிதாகச் சீவி, நுழைத்துப் பார்த்து, இரும்பு உரசிக் கறுத்த இடங்களை மட்டும் மீண்டும் சீவுதல் வேண்டும். ஒரே வீச்சில் சீவியெடுத்த மரத்தை மீண்டும் ஒட்ட வைக்க இயலாது.

தலையை ஏற்றும் முறை இயற்பியல் மாணவர்களுக்கு இன்பம் பயப்பது. தலையைத் தரையில் வைத்துப் பிடியை மேலிருந்து அடிப்பது தேவையற்றது. பிடியைச் செங்குத்தாகப் பிடித்து, தலை கீழ்ப்புறம் தொங்க, பிடியின் மேல்முனையைக் கொட்டாப்புளியால் தட்டினால், கனத்த தலை தன் நிலைமத்தால் நின்றுவிட, இலேசான பிடி அதனுள் இறங்கும். பார்ப்போர்க்குத் தலை, புவி ஈர்ப்பை மீறி மேலே ஏறுவதுபோல் தோன்றும். நியூட்டனின் முதல் விதியை இதனினும் தெளிவாகக் காட்டும் சோதனைகள் சிலவே.

ஆப்புக்கான பிளவைத் துளையின் நீளவாக்கில், துளையின் ஆழத்தில் மூன்றில் இரு பங்கு அளவுக்கு ரம்பத்தால் முன்னரே அறுத்து வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த மர ஆப்பை அதில் அடித்து, மேலே நீண்டதை அறுத்துவிடலாம். துளைக்கு வெளியே சில மில்லிமீட்டர் மரம் நீட்டிக்கொண்டிருப்பது நன்று. விரிந்த அந்த முகப்பு தலை கழலாமல் தடுக்கும். ஆணிகளை அடித்து இறுக்குவது கூடாது. ஆணி, நாரைப் பிளக்குமேயன்றி விரிக்காது.

வால் உள்ள கருவிக்குப் பிடியில் முதலில் மெல்லிய துளையும், வாயருகே சற்று அகன்ற துளையும் துரப்பணத்தால் இட வேண்டும். சிலர் வாலைக் காய்ச்சித் துளையில் இறக்கி அதன் வடிவைப் பதியச் செய்வர். அவ்வாறு செய்யும்போது வாயைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருத்தல் வேண்டும். இல்லையேல் வெப்பம் ஏறிப் பதம் கெடும்.

இறுதியாக, பிடிக்கு வார்னிஷ் பூசுவதைவிட ஆளிவிதை எண்ணெய் தடவுவதே சாலச் சிறந்தது. வார்னிஷ் பூசிய பிடி வியர்வையில் வழுக்கும். உரிந்து கொப்புளம் உண்டாக்கும். எண்ணெய் மரத்தினுள் ஊறிக் காய்ந்து, ஈரம் ஏறி இறங்குவதை மட்டுப்படுத்தும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகித் துணி தானே தீப்பற்றக் கூடும். அதை விரித்து உலர்த்துதல் வேண்டும்.

கைக்கேற்ற பிடி

கடையில் வாங்கும் கருவி எல்லோர்க்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. அதனால் எவர்க்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. தானே போட்ட பிடியோ தன் கைக்கென்றே அமைந்தது. பிடியின் குறுக்களவு பொதுவாக 3 முதல் 4 செண்டிமீட்டர் வரை இருப்பது ஏற்றது. அதனினும் பருத்ததைப் பற்றுவதற்கு முன்கைத் தசைகள் மிகுதியாக உழைக்க நேரும். அதனினும் மெலிந்தது விரல்களை மடக்கிச் சோர்வூட்டும். வட்டமான பிடி கையில் சுழலும். முட்டை வடிவான பிடியோ, கண்ணால் நோக்காமலேயே இலை எத்திசையில் உள்ளது என்பதைக் கைக்கு உணர்த்தும்.

இங்கு மகளிரின் நிலையைச் சிறப்பாகக் கருத வேண்டும். நாட்டின் வேளாண்மையில் களையெடுப்பு, நடவு, அறுவடை போன்ற பணிகளின் பெரும்பகுதி மகளிர் கைகளாலேயே நடைபெறுகிறது. ஆனால் கருவிகள் பெரும்பாலும் ஆடவரின் கையளவைக் கொண்டே செய்யப்பட்டு வந்துள்ளன. போபாலில் 1976ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய வேளாண் பொறியியல் நிலையம் இக்குறையை ஆராய்ந்து, கைக்கருவிகள் பலவற்றைத் திருத்தியமைத்துள்ளது. அந்நிலையம் உருவாக்கிய ‘நவீன்’ அரிவாளின் பிடி, கைக்குள் அடங்கும் வண்ணம் வளைவுடன் அமைந்திருப்பதால் அறுக்கும்போது விரல் மொளிகள் தரையில் உரசுவது குறைகிறது. புதிய அரிவாள் எல்லா ஊருக்கும் சென்றடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய அரிவாளுக்கே, பிடிப்பவரின் கையை அளந்து, சற்றே மெலிந்த, பொருத்தமான பிடியைப் போட்டுத் தருதல் எவர்க்கும் இயலும். நாள் முழுதும் குனிந்து அறுக்கும் ஒருவரின் மணிக்கட்டு வலி குறையுமாயின், அச்சிறு மரத்துண்டின் பயன் அளவிடற்கரியது.

பள்ளியும் பட்டறையும்

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, காந்தியடிகளின் கருத்தை ஏற்று, கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியைப் பரிந்துரைத்தது. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்கான திட்டத்தை வகுத்தது. கை செய்வதை மூளை அறிய வேண்டும், மூளை அறிந்ததைக் கை செய்ய வேண்டும் என்பதே அக்கல்வியின் உட்பொருள். அத்திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு நிலைபெறவில்லை. ஆயினும் அதன் தேவை மறையவில்லை என்பதற்கு 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சான்றாகும். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் ஏதேனும் ஒரு பருவத்தில் மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலிய உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயில வேண்டும் என்று அது கூறுகிறது.

அப்பத்து நாள்களுக்கு ஏற்ற பாடம் எது என வினவும் ஆசிரியர்களுக்கு, பிடி போடும் பணியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். இரண்டு மூன்று நாள்களில் தொடங்கி முடிக்கத்தக்கது; செலவு சிறிது; முடிவில் மாணவன் கையில் உண்மையாகவே பயன்படும் ஒரு பொருள் இருக்கும். தாவரவியல், இயற்பியல், அளவையியல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன. தன் வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் சுத்தியலுக்குப் பிடி போட்ட சிறுவன், பின்னர் எந்தப் பொருளையும் எளிதில் குப்பையில் எறியமாட்டான்.

1950ஆம் ஆண்டு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில், பொருத்துநர் பிரிவு மாணவர் முதலில் கற்பது அரம் பிடிக்கத்தான். பிடியற்ற அரத்தைப் பயன்படுத்தலாகாது என்பது அங்குக் கற்பிக்கப்படும் முதல் விதிகளுள் ஒன்று. அரம் எங்கேனும் தடைப்பட்டு நின்றால் அதன் கூரிய வால் உள்ளங்கையைத் துளைத்துவிடும். விதியைக் கற்பிப்பதோடு, ஒவ்வொரு மாணவனும் தன் அரத்திற்குத் தானே பிடி செய்துகொள்ளுமாறு அமைத்தால் விதி மனத்தில் நிலைக்கும்.

கைவினைஞரின் பங்கு

எல்லோரும் தாமே பிடி போடத் தொடங்கினால் கொல்லர், தச்சரின் பிழைப்பு என்னாகும் என்ற வினா எழலாம். உண்மையில் அவர்தம் பிழைப்பைக் குறைத்தது பொழுதுபோக்காளர் அல்லர். வாங்கி எறியும் பழக்கமே. பழைய கருவியைப் பேணத் தொடங்குவோர், வாய் தட்டவும் பதம் ஏற்றவும் வளைந்ததை நிமிர்த்தவும் கொல்லரையே நாடுவர். நல்ல மரம் வேண்டித் தச்சரிடமே செல்வர்.

இராசத்தானத்தின் காடுலியா லோகார்கள் மாட்டு வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று வேளாண் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வாழ்ந்த மரபினர். சித்தூர்க் கோட்டை வீழ்ந்த பின் நிலையான வீடு கொள்வதில்லை என உறுதி பூண்டதாக அவர்தம் மரபுரை கூறும். 1955ஆம் ஆண்டு ஏப்பிரலில் பிரதமர் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றது வரலாறு. வட இந்தியாவின் பல நகரங்களில் சாலையோரத்தில் உலை மூட்டி அவர்கள் பணி செய்வதை இன்றும் காணலாம். செப்பனிடும் பழக்கம் குறையும்போது முதலில் அணைவது இத்தகைய உலைகளே.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமரின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களை ஏற்றுள்ளது. தச்சர், கொல்லர் ஆகியோரோடு, சுத்தியலும் கருவித் தொகுதிகளும் செய்வோர் அதில் தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, பிணையற்ற கடன் ஆகியவை அதன் கூறுகள். கருவி செய்வோருக்கு அரசு அளிக்கும் துணை, கருவியைப் பேணும் மக்களின் பழக்கத்தோடு இணையும்போதே முழுப்பயன் தரும்.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

பொதுப்பணி, வனம், வேளாண்மை, உள்ளாட்சி ஆகிய துறைகளின் பண்டக சாலைகளில் கைக்கருவிகள் பெருந்தொகையில் உள்ளன. பிடி முறிந்த மண்வெட்டி ‘பயனற்றது’ எனப் பதிவாகி ஏலத்திற்குப் போவதும், அதே ஆண்டில் புதிய மண்வெட்டிக்கு விலைப்புள்ளி கோரப்படுவதும் அரிய நிகழ்ச்சி அன்று. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், ஒரு பொருளைப் பயனற்றதென அறிவிக்கும்போது அதற்குரிய காரணத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்கின்றன. ‘பிடி முறிந்தது’ என்பது அத்தகைய காரணமாகுமா என்பதை ஒப்பமிடும் அலுவலர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் இருப்பை நேரில் சரிபார்த்தல் வேண்டும் என்பதும் விதியே. சரிபார்ப்பவர் எண்ணிக்கையை மட்டும் பாராமல், ஒவ்வொரு கருவியின் பிடியையும் ஒரு முறை அசைத்துப் பார்த்தால் போதும். ஆடுபவை தனியே சேர்ந்துவிடும். கொள்முதலின்போதும் தலையின் எடையையும் விலையையும் மட்டும் நோக்குவது வழக்கமாகிவிட்டது. மரப்பிடிகளுக்கென்றே ஐ.எஸ். 620 என்னும் இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. மரத்தின் இழை, உலர்வு, குறைபாடுகள் ஆகியவற்றையும் நோக்கி வாங்கினால் மறு ஆண்டே மாற்ற வேண்டிய நிலை எழாது.

செலவு மட்டுமே இங்குப் பொருளன்று. தளர்ந்த சம்மட்டியின் தலை கழன்று பறந்தால் அது எதிரில் நிற்பவரின் மீதே விழும். அவர் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளியாக இருப்பார். கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. பண்டக சாலையில் கொடுத்ததையே அவர் பெற்றுக்கொள்கிறார். ஆகவே, ஆடும் பிடியைக் கண்டும் வழங்குபவர் அத்தொழிலாளியின் உயிருக்குப் பொறுப்பேற்கிறார் என்பதை மறத்தலாகாது.

வங்கம், ஒடிசா, பீகார், சார்க்கண்டு ஆகிய மாநிலங்களின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் விசுவகர்ம பூசையன்று கருவிகள் தூய்மை செய்யப்பட்டு வழிபடப்படுகின்றன. தென்னாட்டில் ஆயுத பூசையன்று அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டிடப்படுகிறது. பொட்டிடும் அந்நாளிலேயே பிடியைச் சோதித்து, தளர்ந்ததை இறுக்கி, முறிந்ததை மாற்றுவது என வழக்கப்படுத்திக்கொண்டால், வழிபாடும் பாதுகாப்பும் ஒன்றாகிவிடும். கருவிக்குச் செய்யும் வழிபாட்டில் அதனினும் சிறந்தது வேறில்லை.

கருவியை ஆக்கியவர் ஒருவர். அதனால் உழைத்தவர் மற்றொருவர். பிடி மாற்றி அடுத்தவருக்கு அளிப்பவர் மூன்றாமவர். இம்மூவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே போகலாம். ஆனால் அக்கருவி ஒருவர் உழைப்பை மற்றொருவரிடம் சேர்க்கிறது. பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு கோடரித் தலையை எடுத்து, கருவேலங்கட்டையில் அதற்கொரு காம்பைச் செதுக்கி, எண்ணெய் தடவி, வேலை செய்வோர் கையில் கொடுப்பவர், நாட்டின் செல்வத்தைச் சிறிதேனும் பெருக்கியவரே ஆவார். அப்பணியைத் தொடங்குவதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலான வீடுகளில் முன்னரே கிடக்கின்றன.